ஜெய்சல்மேரில் உமக்கொரு வீடு

நேற்று இங்கே சிட்னியில், வென்ட்வொர்த்வில் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையோடு ஒரு நாட்காட்டியும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து குசினிச் சுவரில் மாட்டிய பிறகுதான் படத்தைப் பார்த்தேன். மணல்வெளிக்கு நடுவே மஞ்சள் கல்லில் ஒரு கோட்டை. கீழே இருந்த ஊர்ப் பெயரை வாசிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. கையில் சுத்தியலோடு நின்று தனியே சிரித்தேன். மேல்மாடியிலிருந்து மகள் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சிரிப்பை உம்மோடுதான் பங்குபோட முடியும். நீரோ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

'நீர்' என்று நான் எழுதுவதைப் பார்த்தால் இப்போதும் கேலி செய்வீர். முதன்முதலாக நான் உம்மிடம் "நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்டபோது, மந்திரியிடம் ராஜா பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று திருச்சிக்காரரான நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். எங்கள் யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரரை மரியாதையும் உரிமையுமாய் அழைக்கிற சொல் அது என்று விளக்கினேன். அதற்குப் பிறகு உம்மை வேறு மாதிரி அழைக்க எனக்கு வரவில்லை. இப்போது மாத்திரம் எப்படி வரும்?

எழுபதுகளின் தொடக்கத்தில், பரமட்டாவில், பாலங்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் படம் வரைகிற அந்த அலுவலகத்தில் நான் ஒரு வருஷம் முன்னதாகச் சேர்ந்திருந்தேன். நீர் வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைமை வரைவாளர் கெவின் உம்மை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். நீர் முழுசாக, ஒரு எழுத்தும் குறையாமல், "திருச்சிராப்பள்ளி" என்றீர். ஒரு சிரிப்பு எழுந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னீர். சிரிப்பு இன்னும் பெரிதானது. கரண்டிகள் படியில் உருளுகிற சத்தம் போல இருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. கெட்ட மனிதர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். ஆனால் உம்முடைய காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

அங்கே என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. கோட்டை இருக்கிறது, கோட்டைக்குள்தான் நான் பிறந்தேன் என்றீர். திருச்சியில் மலைக்கோட்டையைச் சுற்றிய தெருக்களைக் கோட்டை என்றே சொல்வார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அந்த அறைக்கு அது எப்படித் தெரியும்? எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் சுவருக்குப் போனது. அங்கே ஒரு விமானக் கொம்பனியின் நாட்காட்டியில் ஜெய்சல்மேர் கோட்டை வெயிலில் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. இதுவா என்று கேட்டார்கள். நீர் படத்தைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். நான் என் வரைபலகையைப் பார்த்தேன். ஆம் என்று நீர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யாரோ மெல்ல விசிலடித்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் உமக்கு 'மகாராஜா' என்று பெயர் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன்.

"விடுங்க. நாளைக்கு மறந்துடுவாங்க" என்றீர்.

அவர்கள் மறக்கவில்லை. நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்துமஸ் விருந்துகளில் உம்மைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், நீர் ஒரு தடவைகூட வாயால் பொய் சொன்னதில்லை. உங்கள் தெருவில் யானை உண்டா என்றால், தினமும் காலையில் வாசலில் ஒரு யானை போகும் என்பீர். அது கோயில் யானை என்று சொல்ல மாட்டீர், அவ்வளவுதான். கோட்டை உயரமா என்றால், உச்சிக்கு ஏறினால் மூச்சு வாங்கும் என்பீர். எல்லாம் திருச்சி. ஜெய்சல்மேர் அவர்களுடைய தலைக்குள் தானாக வளர்ந்தது.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போனது. கெவின் ஓய்வுபெறும் நேரம் வந்தது. அவருக்கும் மனைவி டொரீனுக்கும் பிள்ளைகள் இல்லை. அவுஸ்திரேலியாவைத் தாண்டி ஓரடி வைத்ததில்லை. வருகிற ஜனவரியில் நீர் ஊருக்குப் போகும்போது தாங்களும் வருவதாகவும், உம்முடைய கோட்டையைப் பார்க்கப்போவதாகவும் கெவின் அலுவலகம் முழுக்கக் கேட்க அறிவித்தார். நீர் புன்னகை செய்தீர். நான் அப்படி ஒரு புன்னகையைப் பல்வைத்தியரின் கதிரையில்தான் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று மூன்று சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனீர். மூன்று முறையும் டொரீன் ஒரு நீலக் கம்பளிச் சட்டையைப் பின்னிக்கொண்டிருந்தார். உம்முடைய அம்மாவுக்காம். பாலைவனத்தில் குளிர்காலம் பொல்லாதது என்று நூலகத்தில் படித்திருந்தார். அம்மா என்ன உயரம், தோள் எவ்வளவு அகலம் என்று கேட்க, நீர் கையை விரித்து அளவு காட்டிவிட்டுத் திரும்பி வந்தீர். மூன்றாவது சனிக்கிழமை நேரே ஸ்ட்ராத்ஃபீல்டில் என் அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்தீர்.

"நீங்களும் வரணும்" என்றீர்.

"நான் ஏன்? பொய் சொன்னது நீர்."

"நான் சும்மா இருந்தேன். நீங்களும் பக்கத்துல சும்மா இருந்தீங்க."

எப்படியும் அந்த விடுமுறையில் நான் என் ஊரான சாவகச்சேரிக்குப் போக இருந்தேன். கொஞ்சம் சுற்றிப் போவோம் என்று முடிவெடுத்தேன். கொஞ்சமா அது!

ஜோத்பூரிலிருந்து வந்த ரயில் ஒரு காலைப்பொழுதில் எங்களை ஜெய்சல்மேரில் இறக்கிவிட்டது. தலைமயிரில், காதில், பல்லில் எல்லாம் மணல். நிலையத்துக்கு வெளியே வந்து நிமிர்ந்தோம். ஒரு குன்று முழுவதையும் யாரோ கல்லால் போர்த்தி, அதன் மேல் காலை வெயிலை ஊற்றியது போல் இருந்தது கோட்டை. கெவின் தொப்பியைக் கழற்றினார். பிறகு உம் தோளில் கைவைத்து, இதை விட்டுவிட்டா பரமட்டாவுக்கு வந்தாய் என்று கேட்டார். உமக்கு இருமல் வந்தது.

அந்த ஊரை நீர் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தியில் உமக்குத் தெரிந்தது நாலைந்து சொல். கல்லூரி நாளில் இந்தி வேண்டாமென்று ஊர்வலம் போனவர் நீர். அந்த மொழி அன்றைக்குத்தான் உம்மைத் தனியாகப் பிடித்தது. யார் என்ன கேட்டாலும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினீர். அந்த அச்சாக்களில் ஒன்றுக்கு ஒரு ஒட்டகம் எங்கள் பின்னாலேயே வந்தது. நீரும் நானும் பதறிப்போய்த் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்ட டொரீன், உங்கள் ராஜஸ்தானி மொழி பாட்டு மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்.

வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பெரிய வாசல்களை ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போனோம். மேலே அரண்மனைக்கு முன்னால் ஒரு முற்றம். அதிலிருந்து பிரியும் ஒடுங்கிய சந்துகளில் சனங்கள் குடியிருந்தார்கள். மாடு படுத்திருந்தது. துணி காய்ந்தது. கோட்டைக்குள்ளே ஒரு ஊரே நடந்துகொண்டிருந்தது. வீட்டுச் சுவர்களில் பிள்ளையார் படம் தீட்டி, கீழே ஏதோ எழுதியிருந்தார்கள். டொரீன் அது என்ன என்று கேட்டார். வீட்டுக்காரர் பெயர் என்றீர். அதுதான் நீர் வாயால் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். அது உம்மை எங்கே கொண்டுபோய் விட்டது!

அப்படியானால் உன் வீடு எது என்று டொரீன் கேட்டார்.

சந்து முடிகிற இடத்தில் நாம் நின்றோம். திரும்பிப் போகவும் வழியில்லை. நீர் ஒரு பச்சைக் கதவைக் காட்டினீர். ஏன் அதைக் காட்டினீர் என்று பிற்பாடு கேட்டபோது, அதில் பூட்டுத் தொங்கியது போல் தெரிந்தது என்றீர். அது பூட்டில்லை. கதவைத் தட்டுகிற இரும்பு வளையம். டொரீன் நேரே போய் அதைப் பிடித்துத் தட்டினார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முக்காட்டைப் பிடித்தபடி எங்கள் நாலு பேரையும் பார்த்தார். டொரீன் பையிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்து விரித்து, அவருடைய தோளில் போர்த்தி, கண் கலங்க, நீங்கள் ஒரு நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் தன் தோளில் யாரோ போர்த்திவிட்டது விளங்கியது. டொரீனின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, உள்ளே வரச் சொல்லிக் கைகாட்டினார். சட்டை அளவாகத்தான் இருந்தது.

உள்ளே பாயில் உட்கார்ந்தோம்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று உம்மிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஓடிடலாமா?" என்றீர்.

உள்ளறையிலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் தமிழில் வந்தது. "ஏன் ஓடுறது? டீ குடிச்சிப் போங்க."

உம்முடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. காது வரை முறுக்கிய மீசையோடு ஒருவர் வெளியே வந்தார். அந்த வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார். "மெட்ராஸா நீங்க? நான் ஆவடி. நாலு வருசம். இட்லி, சாம்பார், எல்லாம் தெரியும்" என்று உம் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கெவினிடம் திரும்பி, பட்டாளத்து ஆங்கிலத்தில் மிடுக்காக அறிவித்தார், இவர்கள் மதராஸ் ஆட்கள் சார், இங்கிருந்து வெகுதூரம், இவர்கள் பேச்சைக் கேட்டு எனக்கு இவ்வளவு சந்தோஷம் என்று.

கெவின் உம்மைப் பார்த்தார். டொரீன் அந்த அம்மாவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கடைசியாக உம்மைப் பார்த்தார். நீர் எழுந்து நின்றீர். பள்ளிக்கூடப் பிள்ளை தண்டனைக்கு வாங்குப் பலகை மேல் நிற்கிற மாதிரி நின்று, இது என் வீடு இல்லை, இவர் என் அம்மா இல்லை, இந்த ஊரை நான் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று சொன்னீர். தேநீர் வந்தது. ஆறும்வரை யாரும் தொடவில்லை.

டொரீன் எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் பின்னால் போனபோது மதிலோரம் ஒரு கொத்தளத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரி ஏறினால் உருட்டிவிடுவதற்காக அந்த மதில் விளிம்பு முழுக்க உருண்டைக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள் அல்லவா? ஒன்று இப்போது நம் மேல் வரும் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. ஏன்?

நீர் அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. முதல் நாள் என் ஊரின் பெயரைச் சொன்னேன், அறை சிரித்தது. இந்தப் படத்தைப் பார்த்ததும் அதே அறை அமைதியாகி என்னை மதிப்பாகப் பார்த்தது. அந்த மதிப்பைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் சொன்னீர். அழவில்லை, மன்னிப்பையும் நீட்டி முழக்கவில்லை.

கெவின் தொப்பியைக் கையில் வைத்து விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கரண்டி என்று சொன்னது நான்தான்" என்றார்.

அதை யார் சொன்னதென்று அதுவரை எனக்குத் தெரியாது. உமக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஐந்தாறு வருஷம் அவருடைய பலகைக்கு எதிர்ப் பலகையில் இருந்து நீர் அதை ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை.

"திரும்பச் சொல்" என்றார் கெவின். "மெதுவாக."

நீர் சொன்னீர். அவர் சொன்னார், தப்பாக. நீர் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தீர். ஊருக்கு அப்பால் கண்ணெட்டும் வரை மணல் மட்டுமே தெரிகிற அந்த மதிலில், ஓய்வுபெற்ற ஒரு வரைவாளர் "சி-ராப்-பள்-ளி" என்று பாடம் படித்தார். டொரீன் தானும் சேர்ந்தார். அவருக்கு முதல் தடவையே வந்துவிட்டது. அப்போதுதான் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் நாங்கள் நினைக்கிற இடத்து ஆள் இல்லையோ என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிப் போனது. சிலோன் என்றால் விளக்க வேண்டி வருகிறதென்று பாதிப் பேரிடம் நான் இந்தியா என்றே சொல்லிவந்தேன். உம்மை மட்டும் குற்றம் பிடித்துக்கொண்டு திரிந்தேனே.

சட்டையைத் திருப்பி வாங்க டொரீன் சம்மதிக்கவில்லை. திருச்சியில் குளிர் எப்படி என்று உம்மிடம் கேட்டார். அங்கே எங்கள் அம்மா கோடையில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுப்பார் என்றீர். அப்படியானால் சட்டை போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு நாட்களைப் போல நாம் சிரித்த நாட்கள் குறைவு. ஊரைத் தெரிந்தவர் என்று நடிக்கிற வேலை போனதும் நீர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கத் தொடங்கினீர். ஹவில்தார் எங்களை விடவில்லை. சுவர்ப் பிள்ளையாருக்குக் கீழே இருப்பது கல்யாண அழைப்பு, பெண் மாப்பிள்ளை பெயரும் நாளும் என்று சொல்லித் தந்தபோது, டொரீன் உம்மை ஓரக்கண்ணால் பார்த்தார். சமணக் கோயில்களில் கூரையின் உட்புறம் எல்லாம் கல்லில் பூத்துக் கிடந்ததைக் கழுத்து நோகப் பார்த்தோம். கீழே ஊருக்குள் பட்டுவா வணிகர்களின் மாளிகைகளில் பலகணி பலகணியாகக் கல்லைச் சல்லடை போலச் செதுக்கியிருந்தார்கள். கல்லோடு கல்லை அவர்கள் பொருத்தியிருந்த விதத்தைக் கண்டதும் கெவின் காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவிட்டார். நீர் ஒரு நுனியைப் பிடிக்க, அவர் மறு நுனியைப் பிடிக்க, நான் குறித்துக்கொள்ள, வீதியில் கூட்டம் கூடிவிட்டது. மூன்று வரைவாளர்களும் அந்த மாளிகையை வாங்க வந்தவர்கள் என்று ஊர் பேசிக்கொண்டதாம். கடிசர் ஏரியில் மண்டபப் படியில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது நீர் என்னிடம் சொன்னீர்:

"இப்பதாங்க ஊரைப் பார்க்கிறேன். நேத்து வரைக்கும் அவங்க மூஞ்சியத்தான் பார்த்துட்டிருந்தேன்."

அங்கிருந்து டில்லிக்குப் போய் ஆக்ராவைப் பார்ப்பதாக இருந்தது திட்டம். கெவின் அதை மாற்றினார். உண்மையான கோட்டையைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்றார். எத்தனை ரயில் மாறினோம் என்று இப்போது நினைவில்லை. திருச்சியில் உம்முடைய அம்மா வாசலில் நின்று, டொரீனின் வெயிலில் வெந்த மூக்கைப் பார்த்துவிட்டு, முதலில் மோர் கொடுத்தார். மலைக்கோட்டைப் படிகளை டொரீன் என்னை முந்தி ஏறினார். உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு, கீழே காவிரியையும் ஓட்டுக் கூரைகளையும் பார்த்தபடி, இதையா மறைத்தாய் என்று கெவின் கேட்டார். சரியாக அந்த நேரம் கீழே தெருவில் யானை போனது.

சிட்னிக்குத் திரும்பியதும் கெவின் விருந்தாளியாக அலுவலகத்துக்கு வந்து ஸ்லைடு படங்களைப் போட்டுக் கதை முழுவதையும் அவரே சொன்னார், தன் கரண்டிக் கதையையும் விடாமல். பிறகு வரைமையால், அச்சுப் போன்ற எழுத்தில், உம்முடைய ஊர்ப் பெயரை நீளக் காகிதத்தில் எழுதி உம் பலகைக்கு மேல் ஒட்டினார். 'மகாராஜா' என்ற பெயர் அன்றோடு போய்விட்டது. அதில் உமக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, எனக்குத் தெரியும்.

போன கிழமை கண் சத்திரசிகிச்சைக்குப் பதிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பிள்ளை என் பிறந்த ஊரை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நின்று, மன்னிப்புக் கேட்டு, சும்மா ஸ்ரீலங்கா என்று போட்டுவிடவா என்றாள். வேறு பல விஷயங்களில் நான் விட்டுக்கொடுத்துப் பழகிய ஆள். உம்மோடு அந்த மதிலில் நின்ற பிறகு இதில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு அவசரமில்லை என்று அவளிடம் சொன்னேன். சா, வ, கச், சே, ரி என்று பிரித்துக் கொடுத்தேன். அவள் திரையைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்து முயன்றாள். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்கார முதியவர், யாரும் கேட்காமலே, தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.